பயோஃபிலிமுக்குள் வாழும் சூடோமோனாஸ் எதை முதலில் உண்கிறது?

கேள்வி இது: "குளுக்கோஸ் இருக்கும்வரை பாக்டீரியாக்கள் வேறு எந்த உணவையும் தொடுவதில்லை என்று கல்லூரியில் படித்தோம். நுரையீரலிலும் ஆறாத புண்ணிலும் படலமாகப் படிந்து ஆண்டுக்கணக்கில் வாழும் நோய்க்கிருமிகளைச் சுற்றி ஒரே நேரத்தில் பலவகை உணவுகள் கிடக்கின்றனவே, அவற்றில் எதை எடுப்பது என்று அவை எப்படி முடிவு செய்கின்றன? எல்லாக் கிருமிகளும் குளுக்கோஸைத்தான் தேடுகின்றனவா?"

எல்லாக் கிருமிகளும் குளுக்கோஸைத் தேடுவதில்லை. சில கிருமிகள் அதைப் பின்வரிசையில்தான் வைத்திருக்கின்றன. பயோஃபிலிம் எனப்படும் இந்தப் படலத்துக்குள் வாழும்போதோ, அந்த வரிசைகூட ஒவ்வொரு செல்லும் எந்த ஆழத்தில் இருக்கிறது, அங்கே ஆக்சிஜன் எட்டுகிறதா என்பதைப் பொறுத்து மாறிவிடுகிறது. இதைப் பொதுவாகச் சொல்லிக்கொண்டு போனால் ஒன்றும் விளங்காது என்பதால், இந்த நோக்கில் நன்கு ஆராயப்பட்ட ஒரே ஒரு கிருமியை, சூடோமோனாஸ் ஏருஜினோசாவை, எடுத்துக்கொண்டு விரிவாக எழுதுகிறேன். மற்றவற்றை இடையில் சற்றுத் தொட்டுச் செல்கிறேன்.

நீங்கள் படித்த பாடம் தவறானதன்று. ழாக் மோனோ 1941-இல் பாரிஸில் சமர்ப்பித்த முனைவர் பட்ட ஆய்விலிருந்து வந்த பாடம் அது. இரண்டு சர்க்கரைகள் கலந்த நீர்ம ஊடகத்தில் பாக்டீரியாவை வளர்த்தபோது, வளர்ச்சிக் கோடு ஒரே சீராக ஏறாமல், ஒருமுறை ஏறி, சிறிது நேரம் தேங்கி, மறுபடியும் ஏறுவதை அவர் கண்டார். குடலில் வாழும் எஷெரிச்சியா கோலைக்குக் குளுக்கோஸும் லாக்டோஸும் சேர்த்துக் கொடுத்தால், அது முதலில் குளுக்கோஸை முழுவதுமாகத் தீர்த்துவிட்டு, லாக்டோஸைச் செரிக்கும் நொதிகளைத் தயாரித்துக்கொள்ள ஒரு இடைவெளி எடுத்துக்கொண்டு, அதன் பிறகே லாக்டோஸுக்குப் போகிறது. குளுக்கோஸ் உள்ளே வந்துகொண்டிருக்கும் வரையில் லாக்டோஸ் நுழையும் வாயில் அடைபட்டிருக்கிறது. லாக்டோஸ் மரபணுக்களை முடுக்கிவிடும் சுழல் ஏ.எம்.பி. என்ற மூலக்கூறும் குறைவாகவே இருக்கிறது. இந்த ஏற்பாட்டுக்குக் கார்பன் சிதைமாற்ற ஒடுக்கம் என்று பெயர். மோனோவும் பிரான்சுவா ஜாக்கோபும் ஆந்த்ரே லுவோஃபும் 1965-இல் நோபல் பரிசு பெற்ற மரபணுக் கட்டுப்பாட்டு ஆய்வுகளுக்கு இந்தத் தேங்கலும் ஒரு தொடக்கப்புள்ளி. சிக்கல் எங்கே வந்தது என்றால், குடலில் வாழும் ஒரு பாக்டீரியாவின் பழக்கம், பாடநூல்கள் வழியாக எல்லாப் பாக்டீரியாக்களின் பழக்கமாக நம் மனத்தில் பதிந்துவிட்டதில்தான்.

சூடோமோனாஸ் ஏருஜினோசா மண்ணிலும் நீரிலும் இயல்பாக வாழ்வது. ஏருஜினோசா என்ற லத்தீன் சொல் செம்பில் பிடிக்கும் பச்சைக் களிம்பைக் குறிக்கிறது. இந்தக் கிருமி புகுந்த புண்ணின் சீழ் நீலப்பச்சையாக இருப்பதால் வந்த பெயர். அந்த நிறத்தைத் தருவது பயோசயனின் என்ற நிறமி. புண்கட்டுத் துணிகளில் படியும் அந்த நிறத்துக்குக் காரணமான பாக்டீரியாவை 1882-இல் பிரான்சில் கார்ல் ஜெசார் பிரித்தெடுத்தார். அந்த நிறமியை இங்கே நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். படலத்தின் அடியில் வாழும் செல்கள் எப்படிப் பிழைக்கின்றன என்ற இடத்தில் அது மீண்டும் வரும். உலக ஆய்வகங்களில் புழங்கும் பி.ஏ.ஓ.1 என்ற வகை, 1950-களில் ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் ஒரு நோயாளியின் புண்ணிலிருந்து எடுக்கப்பட்டதன் வழித்தோன்றல். அதன் மரபணுத் தொகுதி 2000-ஆம் ஆண்டில் முழுமையாகப் படிக்கப்பட்டபோது, 63 லட்சம் எழுத்துகளும் 5,500-க்கும் மேற்பட்ட மரபணுக்களும் இருப்பது தெரிந்தது. அவற்றில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு பிற மரபணுக்களைக் கட்டுப்படுத்துவதற்கென்றே இருப்பவை. எங்கும் எதையும் உண்டு வாழக்கூடிய ஓர் உயிருக்கு, எதை எப்போது உண்பது என்று கட்டுப்படுத்தும் வேலைதான் பெரிய வேலை என்பதை அந்த எண்ணிக்கையே காட்டுகிறது.

இந்தக் கிருமியின் விருப்ப வரிசை கோலையின் வரிசைக்கு நேர்மாறானது. சக்சினேட் போன்ற கரிம அமிலங்களும் சில அமினோ அமிலங்களும் முதலில். குளுக்கோஸ் அதற்குப் பின். மானிட்டால் போன்றவை இன்னும் பின்னால். சக்சினேட்டும் குளுக்கோஸும் கலந்து கொடுத்தால் அது சக்சினேட்டைத் தீர்த்துவிட்டுத்தான் குளுக்கோஸைத் தொடும். இதற்கான காரணம் அதன் உள் வேதியியலில் இருக்கிறது. குளுக்கோஸை நம் செல்கள் உடைக்கும் வழக்கமான பாதையில் பாஸ்போஃப்ரக்டோகைனேஸ் என்ற நொதி ஒரு முக்கியப் படி; சூடோமோனாஸிடம் அந்த நொதியே இல்லை. ஆகவே அது குளுக்கோஸின் பெரும்பகுதியைத் தன் இரு சவ்வுகளுக்கும் இடையிலேயே குளுக்கோனேட்டாக ஆக்சிஜனேற்றம் செய்து, பின் என்ட்னர்–டுடோராஃப் பாதை என்ற சுற்றுவழியில் உடைக்கிறது. அந்த வழியில் ஒரு குளுக்கோஸுக்கு நேரடியாகக் கிடைக்கும் ஏ.டி.பி. (செல்லுக்கு ஆற்றல் தரும் மூலக்கூறு) ஒன்றுதான், வழக்கமான பாதையில் இரண்டு கிடைக்கும். சக்சினேட்டோ, உணவை எரித்துச் சுவாசத்துக்கு எலக்ட்ரான்களைத் தரும் சிட்ரிக் அமிலச் சுழற்சியின் ஓர் உறுப்பாகவே இருப்பதால், உள்ளே வந்தவுடன் சுழற்சியில் சேர்ந்துவிடுகிறது. சுவாசத்தை நம்பி வாழும் இந்தக் கிருமிக்கு, தன் சுவாச இயந்திரத்துக்கு நேரே போய்ச் சேரும் உணவே முதல் உணவாக இருப்பதில் வியப்பில்லை.

இந்த வரிசையைக் காப்பாற்றும் பொறிமுறையும் கோலையினுடையதன்று. கோலையில் கட்டுப்பாடு பெரும்பாலும் மரபணுவிலிருந்து தூது ஆர்.என்.ஏ. எழுதப்படும் கட்டத்தில் நடக்கிறது. சூடோமோனாஸில் அது, எழுதப்பட்டுவிட்ட தூது ஆர்.என்.ஏ. புரதமாக மொழிபெயர்க்கப்படும் கட்டத்தில் நடக்கிறது. விருப்பமான உணவு நிறைய இருக்கும்போது, ஹெச்.எஃப்.கியூ. என்ற புரதம், பின்வரிசை உணவுகளைச் செரிக்கும் நொதிகளுக்கான தூது ஆர்.என்.ஏ.-க்களின் தொடக்கப் பகுதியில் போய் உட்கார்ந்துகொள்கிறது, சி.ஆர்.சி. என்ற இன்னொரு புரதம் அந்தப் பிடியை இறுக்குகிறது. புரதத்தைக் கட்டும் ரைபோசோம் அங்கே ஏற இடமில்லாததால் நொதி உருவாவதில்லை. விருப்பமான உணவு தீர்ந்தவுடன், சி.பி.ஆர்.ஏ., சி.பி.ஆர்.பி. என்ற இரட்டைப் புரதங்கள் சி.ஆர்.சி.இசட். என்ற சிறிய ஆர்.என்.ஏ.-வை ஏராளமாக உற்பத்தி செய்ய வைக்கின்றன. இந்தச் சிறிய ஆர்.என்.ஏ. எந்தப் புரதத்துக்கும் குறியீடு தருவதில்லை, ஹெச்.எஃப்.கியூ. உட்காரும் இடங்களைப் போன்ற இடங்கள் பலவற்றைத் தன்மீது வைத்துக்கொண்டு, அந்தப் புரதத்தைத் தன்பக்கம் இழுத்துக்கொள்கிறது. அடைபட்டிருந்த தூது ஆர்.என்.ஏ.-க்கள் விடுபட்டு, அடுத்த வரிசை உணவுக்கான நொதிகள் உருவாகத் தொடங்குகின்றன. ஆர்.என்.ஏ.-வைப் பிடிப்பது சி.ஆர்.சி. புரதமே என்றுதான் பல ஆண்டுகள் நம்பப்பட்டது, பிடிப்பது ஹெச்.எஃப்.கியூ., சி.ஆர்.சி. அதற்குத் துணை என்பது பிற்பாடுதான் தெளிவானது. பழைய நூல்களைப் படிப்பவர்கள் இந்த ஒரு திருத்தத்தை மனத்தில் கொள்வது நல்லது.

இந்தப் பொறிமுறைக்கும் படலத்துக்கும் நேரடித் தொடர்பு உண்டு என்பது 2000-ஆம் ஆண்டிலேயே தெரிந்தது. சி.ஆர்.சி. மரபணு செயலிழந்த சூடோமோனாஸ், பரப்பில் ஒட்டிக்கொள்கிறது. ஆனால் அடுக்கடுக்கான குடியிருப்பாக எழும்பாமல், ஒற்றை அடுக்காகச் சிதறிக் கிடக்கிறது. செல்கள் ஊர்ந்து ஒன்றுசேர உதவும் நான்காம் வகை நுண்மயிர்கள் அதில் சரியாக உருவாவதில்லை என்பதே காரணம். உணவை வரிசைப்படுத்தும் அதே கருவி, கூடி வாழ்வதா தனித்து அலைவதா என்ற முடிவிலும் கைவைத்திருக்கிறது.

இனி நுரையீரலுக்கு வருவோம். சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற பிறவி நோயில், குளோரைடு அயனிகளைக் கடத்தும் ஒரு புரதம் பழுதாகி, மூச்சுக்குழாயில் சளி கெட்டியாகித் தேங்குகிறது. அதற்குக் காரணமான மரபணு 1989-இல் கண்டறியப்பட்டது. தேங்கிய சளியில் சூடோமோனாஸ் குடியேறினால், பல நோயாளிகளில் அது வாழ்நாள் முழுவதும் நீங்குவதில்லை. அந்தச் சளி கிருமிக்கு ஒரு பெரும் பந்தி. நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுக்கள் திரண்டு வந்து, தம் நொதிகளால் திசுப் புரதங்களையும் சிதைப்பதால் அமினோ அமிலங்கள் பெருகுகின்றன. அதே வெள்ளணுக்கள் குளுக்கோஸை எரித்து லாக்டேட்டை வெளியிடுகின்றன. செத்த வெள்ளணுக்களிலிருந்து டி.என்.ஏ. சேர்கிறது. டெக்சஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் நோயாளிகளின் சளியை அளந்து, 2007-இல் அதற்கு இணையான செயற்கைச் சளி ஒன்றை வடிவமைத்தார்கள். அதில் ஒரு லிட்டருக்கு அமினோ அமிலங்கள் எல்லாம் சேர்ந்து சுமார் 19 மில்லிமோல், லாக்டேட் சுமார் 9, குளுக்கோஸ் சுமார் 3 என்ற அளவில் இருக்கின்றன. அந்த ஊடகத்தில் சூடோமோனாஸ் அமினோ அமிலங்களையும் லாக்டேட்டையும் எடுத்துக்கொண்ட பிறகே குளுக்கோஸைத் தொட்டது. கிருமியைச் சுற்றி எது இருக்கிறது என்பதைப் போலவே, அதை அங்கே கொண்டுவந்து சேர்ப்பது யார் என்பதும் கவனிக்கத்தக்கது. நோயை எதிர்க்க வந்த நம் வெள்ளணுக்களின் போராட்டமே கிருமியின் விருப்ப உணவை உற்பத்தி செய்துகொடுக்கிறது.

இதுவரை சொன்னது, எல்லாச் செல்களுக்கும் ஒரே அளவு காற்றும் உணவும் கிடைக்கும் குலுக்குக் குடுவையின் கதை. படலத்தில் நிலைமை வேறு. படலம் என்பது செல்கள் தாமே சுரந்த பல்சர்க்கரை, புரதம், டி.என்.ஏ. ஆகியவற்றாலான கூழில் புதைந்து வாழும் நெருக்கமான குடியிருப்பு. அதன் வெளிவிளிம்பில் உள்ள செல்கள் வேகமாகச் சுவாசித்து ஆக்சிஜனைத் தீர்த்துவிடுவதால், அது பொதுவாகச் சில பத்து மைக்ரோமீட்டர் ஆழத்துக்கு மேல் உள்ளே போவதில்லை. ஊசிமுனை போன்ற நுண் மின்முனைகளைக் கொண்டு நோயாளிகளின் மூச்சுக்குழாய்ச் சளியை அளந்து 2002-இல் வெளிவந்த ஆய்வு, சளிக்கட்டிகளுக்குள் ஆக்சிஜன் மிகக் குறைவாக இருப்பதைக் காட்டியது. உணவோ பெரும்பாலும் ஆக்சிஜனைவிட ஆழமாக ஊடுருவுகிறது. ஆகவே அடியில் உள்ள செல்லின் முன் உணவு இருக்கிறது. அதை எரிக்கத் தேவையான ஆக்சிஜன் இல்லை.

கேள்வியின் மையம் இங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து. உணவை ஆக்சிஜனேற்றம் செய்யும்போது அதிலிருந்து எலக்ட்ரான்கள் வெளிவருகின்றன. அவற்றை வாங்கிக்கொள்ள ஏதேனும் ஒன்று வேண்டும். ஆக்சிஜன் இருந்தால் அது வாங்கிக்கொள்ளும். இல்லாதபோது, சக்சினேட்டை எத்தனை விருப்பமாக வைத்திருந்தாலும் செல்லுக்குப் பயனில்லை, ஏனெனில் சக்சினேட்டைச் சூடோமோனாஸால் நொதிக்கவைத்து ஆற்றல் பெற முடியாது. மேல்தளத்தில் முதலிடத்தில் உள்ள உணவு அடித்தளத்தில் உணவே அல்லாமல் போகிறது. எனவே 'இந்தக் கிருமி எதை விரும்புகிறது' என்று கேட்பதைவிட, 'இந்த ஆழத்தில் உள்ள செல்லுக்கு எலக்ட்ரான்களை எங்கே இறக்கிவைக்க முடியும்' என்று கேட்டால் விடை தெளிவாகக் கிடைக்கும்.

அடியில் உள்ள செல்களுக்குச் சில வழிகள் உண்டு. சளியில் நைட்ரேட் ஓரளவு இருக்கிறது; ஆக்சிஜனுக்குப் பதிலாக நைட்ரேட்டை வைத்துச் சுவாசிக்கச் சூடோமோனாஸுக்குத் தெரியும். அர்ஜினைன் என்ற அமினோ அமிலத்தை உடைத்து, ஆக்சிஜன் இல்லாமலே சிறிதளவு ஏ.டி.பி. பெறவும் முடியும். பைருவேட்டை நொதிக்கவைத்து, வளராமல், ஆனால் சாகாமல், ஆக்சிஜனற்ற நிலையில் 18 நாட்கள்வரை தாக்குப்பிடிப்பதும் ஆய்வகத்தில் காணப்பட்டிருக்கிறது. இவற்றைவிட என்னைக் கவர்ந்தது நான்காவது வழி, முன்பு நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்ன அந்த நீலப்பச்சை நிறமியின் வழி. பயோசயனினும் அதன் உறவு மூலக்கூறுகளும் ஃபீனசீன்கள் எனப்படும். அடியில் உள்ள செல் தன் எலக்ட்ரான்களை ஒரு ஃபீனசீன் மூலக்கூறின்மேல் ஏற்றிவிடுகிறது. அது மேலே பரவிச் சென்று, ஆக்சிஜன் உள்ள இடத்தில் சுமையை இறக்கிவிட்டு, மறுபடியும் கீழே வந்து அடுத்த சுமையை ஏற்கிறது. ஃபீனசீன் உற்பத்தி செய்ய முடியாத சூடோமோனாஸைத் தட்டில் வளர்த்தால், அதன் குடியிருப்பு வழவழப்பாக இல்லாமல் ஆழமான மடிப்புகளும் சுருக்கங்களுமாக எழுகிறது. சுமைதாங்கிகள் இல்லாத குறையை, காற்றுபடும் பரப்பை அதிகப்படுத்தி ஈடுகட்டுகிறது அந்தக் குடியிருப்பு. நைட்ரேட்டை ஊடகத்தில் சேர்த்தால் சுருக்கங்கள் குறைகின்றன. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் லார்ஸ் டீட்ரிக் குழுவினர் இந்த மடிப்புகளை அளந்து, அவற்றின் உருவத்துக்கும் உள்ளே எலக்ட்ரான்கள் தேங்குவதற்கும் உள்ள தொடர்பைக் காட்டினார்கள். கண்ணுக்குத் தெரியும் ஓர் உருவத்தில் செல்லின் மூச்சுத்திணறலைப் படிக்க முடிகிறது என்பது, இத்துறையில் நான் படித்தவற்றில் மிக அழகான செய்திகளுள் ஒன்று.

உணவுத் தேர்வு ஆழத்துக்கேற்ப மாறுவதை லாக்டேட்டைக் கொண்டு இன்னும் துல்லியமாகக் காணலாம். லாக்டேட்டுக்கு வலக்கை, இடக்கை போல ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமான இரண்டு வடிவங்கள் உண்டு. அவற்றை டி, எல் என்ற எழுத்துகளால் குறிக்கிறார்கள். நம் உடல் வெளியிடுவது பெரும்பாலும் எல் வடிவம். சூடோமோனாஸ் இரண்டையும் உண்ணும். ஒவ்வொன்றுக்கும் தனி நொதி உண்டு. எல் வடிவத்துக்கு மட்டும் ஒரே வேலையைச் செய்யும் இரண்டு நொதிகள் வைத்திருக்கிறது. அவற்றுள் ஒன்றின் மரபணு, எந்த வடிவ லாக்டேட் வந்தாலும் விழித்துக்கொள்கிறது. மற்றொன்றின் மரபணு எல் வடிவம் வந்தால் மட்டுமே விழிக்கிறது. நம் உடலிலிருந்து வரும் லாக்டேட்டைத் தனியே அடையாளம் காண ஒரு மரபணுவை அது வைத்திருப்பது, ஓம்புயிரோடு அதற்குள்ள நெடிய பழக்கத்தின் தடயமாக இருக்கலாம் என்று நான் நினைக்கிறேன்.

டி வடிவம் எங்கிருந்து வருகிறது என்பதே மேலும் சுவையானது. அதே டீட்ரிக் குழுவினரின் 2018-ஆம் ஆண்டு ஆய்வின்படி, படலத்தின் ஆக்சிஜனற்ற அடிப்பகுதியில் உள்ள செல்கள், எலக்ட்ரான்களை வேறெங்கும் இறக்க முடியாமல் பைருவேட்டின்மேல் இறக்கி, அதை டி-லாக்டேட்டாக மாற்றி வெளியேற்றுகின்றன. அந்த டி-லாக்டேட் மேலே பரவி வருகிறது. ஆக்சிஜன் உள்ள மேல்தளத்துச் செல்கள் அதை நல்ல உணவாக எடுத்துக்கொண்டு எரிக்கின்றன. கீழ்வீட்டின் கழிவு மேல்வீட்டின் சாப்பாடு. ஒரே மரபணுத் தொகுதி கொண்ட, ஒரே செல்லிலிருந்து பெருகிய உடன்பிறப்புகள், இருக்கும் இடத்தின் காரணமாக மட்டுமே உற்பத்தி செய்பவை என்றும் உண்பவை என்றும் பிரிந்து நிற்கின்றன. முழுப் படலத்தையும் அரைத்து, உள்ளே எந்த நொதிகள் இருக்கின்றன என்று சராசரி பார்க்கும் ஆய்வுகளில் இந்தப் பிரிவினை கண்ணில் படாது. அது கிருமி எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் உண்பது போலத் தோற்றம் தரும். மெல்லிய சீவல்களாக வெட்டி, ஒளிரும் புரதங்களின் துணையோடு அடுக்கடுக்காகப் பார்த்த பிறகே இது புலப்பட்டது.

அண்டை வீட்டாரையும் விட்டுவிட முடியாது. சளியின் முதன்மைப் புரதமான மியூசினைச் சூடோமோனாஸால் தனியாகத் திறம்பட உடைக்க முடிவதில்லை. வாயிலிருந்து இறங்கிவரும் ஆக்சிஜன் வேண்டாத பாக்டீரியாக்கள் அதை உடைத்து நொதிக்கவைத்து, அசிட்டேட்டையும் புரோப்பியோனேட்டையும் அமினோ அமிலங்களையும் வெளியிட, சூடோமோனாஸ் அவற்றை உண்கிறது. ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற இன்னொரு நோய்க்கிருமியோடு சேர்ந்திருக்கும்போது சூடோமோனாஸ் அதன் இரும்பைப் பறித்து, சுவாசத்தை நச்சால் முடக்கி, அதை லாக்டேட் உற்பத்தி செய்யும் நிலைக்குத் தள்ளுகிறது; பின் அந்த லாக்டேட்டை உண்கிறது. கிருமிகளை விழுங்கும் நம் நோயெதிர்ப்புச் செல்களான மேக்ரோஃபேஜ்கள் அவற்றை ஒடுக்க இட்டகோனேட் என்ற அமிலத்தைச் சுரக்கின்றன. சூடோமோனாஸ் அதை உடைத்து உண்ணும் மரபணுக்களையும் வைத்திருப்பதோடு, அதன் தூண்டுதலால் படலக் கூழை அதிகமாகச் சுரக்கவும் செய்கிறது. ஆயுதமாக ஏவப்பட்டது உணவாகவும் படலம் கட்டும் தூண்டுதலாகவும் முடிகிறது.

பிற கிருமிகளைப் பற்றிச் சுருக்கமாக. சிறுநீர்ப்பாதைத் தொற்றை உண்டாக்கும் கோலை வகைகள், பாடநூலில் சொன்ன அதே கோலைதான் என்றாலும், சிறுநீரில் பெப்டைடுகளையும் அமினோ அமிலங்களையும் நம்பியே வாழ்கின்றன. 2009-இல் எலிகளில் செய்த ஆய்வில், குளுக்கோஸை உடைக்கும் பாதை பழுதான வகைகள் தொற்றை நடத்தின, சிட்ரிக் அமிலச் சுழற்சி பழுதானவை தடுமாறின. பல்லில் படியும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூடன்ஸ் சர்க்கரைக்காகவே வாழ்வது. சுக்ரோஸை அது உணவாகவும், படலத்தின் பிசினான குளுக்கான் கட்டும் மூலப்பொருளாகவும் பயன்படுத்துகிறது. ஸ்டஃபிலோகாக்கஸும் குளுக்கோஸை முதலில் எடுக்கும் வகைதான்.

நம் ஊரில் பலரும் கேட்கும் துணைக்கேள்வி ஒன்று இங்கே பொருந்தும்: நீரிழிவு நோயாளியின் காலில் பச்சைச் சீழ் பிடித்தால், இரத்தத்தில் உள்ள சர்க்கரையைக் கிருமி தின்று கொழுக்கிறது என்று பொருளா? பழுத்த திராட்சை மணம் வீசும் அந்தப் பச்சைச் சீழ் பெரும்பாலும் சூடோமோனாஸின் அடையாளம். அந்தக் கிருமியின் விருப்ப வரிசையைப் பார்த்தால், சிதைந்த திசுவின் புரதங்களும் லாக்டேட்டும் அங்கே இருக்கும்போது சர்க்கரை அதன் முதல் உணவாக இருக்க வாய்ப்பில்லை. சர்க்கரை கூடுவது வேறு வழிகளில் கேடு செய்கிறது: இரத்த ஓட்டம் குறைகிறது, நரம்புகள் உணர்வை இழக்கின்றன, வெள்ளணுக்களின் கொல்லும் திறன் மங்குகிறது, புண்ணுக்குள் ஆக்சிஜன் எட்டுவதில்லை. ஆகவே சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்க வேண்டிய தேவை சிறிதும் குறைவதில்லை; காரணம் மட்டும் மக்கள் நினைப்பது அன்று.

உடலுக்குள் ஆண்டுகள் செல்லச் செல்ல, கிருமியின் மரபணுக்களே இந்த உணவுக்கேற்ப மாறுகின்றன. நாட்பட்ட நோயாளிகளிடமிருந்து எடுத்த சூடோமோனாஸ்களில் சில, மெத்தியோனின் போன்ற அமினோ அமிலங்களைத் தாமே தயாரிக்கும் திறனை இழந்துவிட்டிருக்கின்றன. சுற்றிலும் கிடைப்பதைத் தயாரிக்க வேண்டிய தேவை அவற்றுக்கு இல்லை. லாஸ்ஆர் என்ற, செல்கள் தமக்குள் செய்தி பரிமாறிக்கொள்ள உதவும் மரபணு பழுதான வகைகளும் அடிக்கடி கிடைக்கின்றன. சில அமினோ அமிலங்களில் அவை மூதாதையைவிட நன்றாக வளர்கின்றன. அந்த வளர்ச்சிக்குப் பின்னணியில் இருப்பது முன்பு சொன்ன சி.பி.ஆர். இரட்டைப் புரதங்களின் கூடுதல் செயல்பாடு. அதாவது பின்வரிசை உணவுகளின் பூட்டு இவற்றில் ஓரளவு தளர்ந்தே இருக்கிறது.

இந்தச் செய்திகள் எல்லாம் மருத்துவத்தில் எங்கே வந்து முட்டுகின்றன என்றால், ஆன்டிபயாடிக் மருந்துகளில்தான். டோப்ராமைசின் போன்ற அமினோகிளைகோசைடு மருந்துகள் செல்லுக்குள் நுழைய, சவ்வின் குறுக்கே மின்னழுத்தம் வேண்டும். அந்த அழுத்தத்தை உண்டாக்குவது சுவாசம். மேல்தளத்தில் உண்டு சுவாசிக்கும் செல்கள் மருந்தைத் தாமே உள்ளே இழுத்துக்கொண்டு சாகின்றன. அடியில் நொதித்தலில் காலம் தள்ளும் செல்கள் தப்பிக்கின்றன. டென்மார்க்கில் 2008-இல் வெளியான ஓர் ஆய்வில், சவ்வையே உடைக்கும் கோலிஸ்டின் என்ற மருந்து இதற்கு நேர்மாறாக உள்ளே மந்தமாக இருந்த செல்களைக் கொன்றது, வெளியில் சுறுசுறுப்பாக இருந்தவை பிழைத்தன. இதிலிருந்து, உணவைக் கொடுத்து மருந்தை வேலைசெய்ய வைக்கலாமா என்ற எண்ணம் பிறந்தது. அமெரிக்காவில் ஜேம்ஸ் காலின்ஸ் குழுவினர் 2011-இல், மானிட்டாலைச் சேர்த்துக் கொடுத்தபோது உறங்கிக் கிடந்த கோலை செல்களை ஜென்டாமைசின் என்ற இன்னொரு அமினோகிளைகோசைடு கொன்றதை, எலியின் சிறுநீர்ப்பாதைத் தொற்றிலும் காட்டினார்கள். சூடோமோனாஸிடம் 2017-இல் செய்த ஆய்வில், ஃபியூமரேட் டோப்ராமைசினுக்குத் துணைசெய்தது. கிளையாக்சிலேட்டோ சுவாசத்தைக் குறைத்துக் கிருமியைக் காத்தது. கொடுக்கும் உணவு எந்தப் பாதையில் போகிறது என்பதைப் பொறுத்து அது மருந்துக்கு உதவலாம், கிருமிக்கும் உதவலாம். சக்சினேட்டோ குளுட்டமேட்டோ திடீரென்று பெருகினால் படலம் கலைந்து செல்கள் வெளியே நீந்தத் தொடங்குவதும் தெரிந்ததே. கலைந்த செல்கள் மருந்துக்கு எளிதில் சிக்கும் என்றாலும், மருந்து உடனில்லாத நேரத்தில் கலைப்பது தொற்றைப் பரப்புவதில் முடியும் என்பதால், இதை எளிய தீர்வாக நான் பரிந்துரைக்க மாட்டேன்.

நோயாளியின் சளியில் வளர்ந்த சூடோமோனாஸுக்கு எந்த மருந்து கேட்கும் என்று பார்க்க, ஆய்வகம் அதை முல்லர்–ஹின்டன் ஊடகத்தில் பரப்பி, மருந்து வில்லைகளை வைத்து, சுமார் 35 டிகிரி செல்சியஸில் ஓரிரவு வைத்திருக்கிறது. அந்த ஊடகத்தின் முக்கிய உணவு, பால்புரதமான கேசினை அமிலத்தில் உடைத்துப் பெற்ற அமினோ அமிலங்கள். புதிதாகப் பரப்பப்பட்ட மெல்லிய அடுக்கின்மேல் காற்றும் தாராளம். விருப்பமான உணவை உண்டு நன்றாகச் சுவாசிக்கும் செல்களிடம் கேட்ட கேள்விக்கு, 'டோப்ராமைசினுக்குக் கட்டுப்படும்' என்ற விடை வருகிறது. அதை நம்பி நோயாளிக்கு மூச்சுவழி டோப்ராமைசின் 300 மில்லிகிராம், நாளுக்கு இருமுறை, 28 நாட்கள் தரப்படுகிறது. அடுத்த 28 நாட்கள் இடைவெளி விடப்படுகிறது. மருந்துக் காலத்தில் சளியில் கிருமிகளின் எண்ணிக்கை இறங்குகிறது, நுரையீரலின் செயல்திறன் உயர்கிறது, நோயாளி உண்மையாகவே தேறுகிறார். மருந்தில்லாத அந்த 28 நாட்களில் எண்ணிக்கை மறுபடியும் ஏறுகிறது. மேல்தளத்துச் செல்கள் செத்து விட்டுச்சென்ற இடத்துக்கு ஆக்சிஜன் இறங்கி வரும்போது, பைருவேட்டைக் கொண்டு உயிரைப் பிடித்திருந்த அடித்தளத்துச் செல்களில் பிழைத்தவை, சுற்றியுள்ள அமினோ அமிலங்களையும் லாக்டேட்டையும் மறுபடியும் தம் பழைய வரிசையிலேயே உண்ணத் தொடங்கிவிடும்.